சீனக் கடையில் ஒரு கரண்டி சீனி

ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்னால் யாகப்பம்மாள் மூன்று தடவை கேட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு அந்த உணவகம் தயாரித்த அறிக்கையில் ‘விருந்தினர் அவசரப்பட்டுவிட்டார்’ என்று ஒரு வரி இருந்தது.

“சாப்பாடு உடனே வந்துருமா தம்பி?” என்று கேட்டது முதல் தடவை.

“நான் இன்சுலின் போடுற ஆளு. ஊசி போட்டா அரை மணி நேரத்துல வயித்துல ஏதாவது விழணும். லேட்டாகும்னா சொல்லுங்க, பொறவு போட்டுக்கிறேன்” என்றது இரண்டாம் தடவை.

“அப்ப இப்பவே போட்டுக்கிறவா?” என்றது மூன்றாம் தடவை.

கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டைக்காரர் வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். “அம்மா, உங்கள் உணவு தொடங்கிவிட்டது” என்றார்.

யாகப்பம்மாள் கழிப்பறைக்குப் போய், வழக்கம்போலப் பத்து யூனிட் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த உணவகத்தில் உணவு தொடங்குவது என்றால் விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றுவது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

உணவகத்தின் பெயர் ‘ஜேட் சைலன்ஸ்’. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில், கடலைப் பார்த்துக் கட்டிய ஒரு பெரிய விடுதிக்குள் இருந்தது. நவீன சீன உணவகம் என்று பலகையில் போட்டிருந்தார்கள். யாகப்பம்மாளுக்கும் அவள் கணவன் சூசைமுத்துவுக்கும் கல்யாணமாகி அன்றோடு முப்பது வருஷம். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஆன்சி அங்கிருந்தே கம்ப்யூட்டரில் இடம் பிடித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே எல்லாம் கட்டிவிட்டாள். உணவகம் அனுப்பிய படிவத்தில் பதினேழு கேள்விகள். ‘உங்கள் தாயாரின் உடலை நாங்கள் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்?’ என்பது ஒன்பதாவது கேள்வி. ‘அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது’ என்று ஆன்சி எழுதினாள். வேறு எப்படி எழுதுவாள்?

சூசைமுத்து விசைப்படகு டிரைவர். தங்கச்சிமடத்துக்காரன். ஐம்பத்தெட்டு வயதில் அவன் அறிந்த சீனச் சாப்பாடு, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் கிடைக்கும் ஃப்ரைட் ரைஸும் சில்லி சிக்கனும்தான். அது அவனுக்குப் பிடிக்கும். அதே மாதிரி, ஆனால் கொஞ்சம் பெரிய தட்டில் வரும் என்று நினைத்துத்தான் காலையில் மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் வெள்ளை வேட்டி சட்டையை எடுத்து மாட்டினான்.

கறுப்புச் சட்டைக்காரர் பெயர் வினோத்குமார். சட்டையில் குத்தியிருந்த வில்லையில் ‘அனுபவ இயக்குநர்’ என்று எழுதியிருந்தது. யாகப்பம்மாள் கழிப்பறையிலிருந்து வந்ததும் அவர் இருவரையும் ஒரு மரப்பெட்டகத்தின் முன் நிறுத்தினார்.

“ஐயா, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுவதற்கு ஊரில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அவற்றை நாங்கள் குறை சொல்லவில்லை. பசியோடு இருப்பவர்கள் அங்கே போகிறார்கள். இங்கே வருகிறவர்கள் பசியைக் கடந்தவர்கள்.”

“நாங்க இன்னும் கடக்கலை தம்பி. காலையில ஏழு மணிக்கு ஆளுக்கு ரெண்டு இட்டிலி தின்னது” என்றான் சூசைமுத்து.

“கடந்துவிடுவீர்கள்” என்று வினோத்குமார் உறுதி கொடுத்தார்.

பிறகு இருவருடைய செல்போன்களையும், சூசைமுத்துவின் கைக்கடிகாரத்தையும், யாகப்பம்மாளின் கைப்பையையும் வாங்கிப் பெட்டகத்துக்குள் வைத்தார். நேரம் சுவைக்கு எதிரி என்பது கடிகாரத்துக்கான காரணம். வெளி வாசனைகள் உள்ளே வரக்கூடாது என்பது பைக்கான காரணம். பைக்குள் ஊசியும், ஒரு பாக்கெட் பிஸ்கட்டும், ஆன்சி எப்போதும் வைத்திருக்கச் சொன்ன குளுக்கோஸ் பொட்டலமும் இருந்தன. “அதுல மருந்து இருக்கு தம்பி” என்று யாகப்பம்மாள் கையை நீட்டினாள். “மருந்தும் இங்கே ஓய்வெடுக்கட்டும்” என்று சொல்லி அவர் பெட்டகத்தைச் சாத்தினார். அது தானாகப் பூட்டிக்கொண்டது.

கூடத்தில் ஏழு மேசைகள். எல்லாரும் கிசுகிசுவென்று பேசினார்கள். குளிர் எலும்பைத் தொட்டது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் கடல். வெளியே மணலில் ஒரு கொடிக்கம்பம் நின்றது. சூசைமுத்து உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அதன் நிழலைப் பார்த்துவைத்துக்கொண்டான். கம்பத்தின் அடியில் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்தது நிழல்.

முதலில் தேநீர் வந்தது. தேநீரோடு களிமண்ணில் செய்த ஒரு தவளையும் வந்தது. வினோத்குமார் கெண்டியில் வெந்நீர் ஊற்றி, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று, அதை அப்படியே தவளையின் தலையில் கொட்டினார்.

“முதல் தேநீர் தவளைக்கு” என்றார்.

“ரெண்டாவது?”

“இரண்டாவது உங்கள் மூக்குக்கு.”

“மூணாவதாவது எங்களுக்கா?”

“உங்களுக்குத்தான் ஐயா. அதற்கு முன் ஒரு சிறு குறிப்பு வாசிப்பேன்.”

குறிப்பு ஒரு சீன மலையில் தொடங்கி, மூன்று அரச வம்சங்களைக் கடந்து, உணவகத்தின் தலைமைச் சமையல் கலைஞரிடம் வந்து சேர்ந்தது. அவர் பெயர் மாஸ்டர் லியன். ஒன்பது வருடங்களாக மௌன விரதம். அவர் கைகள்தான் பேசும். அவரை இதுவரை எந்த விருந்தினரும் பார்த்ததில்லை. பார்க்கத் தகுதி வர வேண்டும்.

மூன்றாவது தேநீர் ஒரு விரல்தொப்பி அளவுக் கோப்பையில் வந்தது. யாகப்பம்மாள் ஒரே வாயில் குடித்தாள். அதில் சீனி இல்லை.

“ஏங்க, அந்தத் தம்பிகிட்டச் சோத்த வைக்கச் சொல்லுங்க” என்றாள் மெல்ல.

“வந்துரும். புள்ள ஆசையாக் கட்டிருக்கா. சத்தம் போடாத.”

நிழல் வெள்ளைக் கல்லைத் தொட்டிருந்தது.

அடுத்து மூங்கில் கூடை ஒன்று, மூடியோடு வந்தது. இட்லிக் கொப்பரை மாதிரி ஓரத்தில் புகை கசிந்ததைப் பார்த்ததும் சூசைமுத்துவுக்கு நிம்மதியாக இருந்தது. வினோத்குமார் மூடியைத் திறந்தார். ஆவி குபுக்கென்று எழுந்து முகத்தில் அடித்துக் கலைந்தது. கூடைக்குள் ஒன்றும் இல்லை.

“இதன் பெயர் ‘கரையின் மூச்சு’. தங்கச்சிமடம் கடற்கரையின் விடிகாலை வாசனையை எங்கள் மாஸ்டர் ஏழு மாத ஆராய்ச்சிக்குப் பிறகு ஆவியாக்கியிருக்கிறார்.”

சூசைமுத்து மோந்து பார்த்தான். கருவாடு காயப்போட்ட சாக்கு மழையில் நனைந்தால் வரும் வாசனை.

“தம்பி, நாங்க அங்கனயிருந்துதான் வாரோம்.”

“அப்படியானால் உங்களுக்கு இது இன்னும் ஆழமாக இறங்கும்.”

“சரி. இதுல திங்கிறது எது?”

“ஆவி, ஐயா. அதுதான் பதார்த்தம். நீங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள்.”

பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். மூன்றாவது முறையாக வருகிறவர்களாம். அவர்கள் கூடை திறந்தபோது இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, “போன தடவையைவிட உப்பு கூட” என்று பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக நண்டு வரும் என்றார் வினோத்குமார். நண்டுக்கு முன் நண்டின் கதை வந்தது. பாம்பன் கடலில் ஒரு மீனவர், விடியலுக்கு முன் எழுந்து, கரையில் மண்டியிட்டு, நண்டிடம் அனுமதி கேட்கிறார். நண்டு சம்மதித்தால் மட்டுமே அது கரைக்கு வருகிறது.

“அப்படியெல்லாம் கேக்க மாட்டோம் தம்பி” என்றான் சூசைமுத்து, தகவல் தவறாகப் போய்விடக் கூடாதே என்று. “சாயந்தரம் வலையப் போட்டுட்டு வருவோம். காலையில போய் எடுப்போம். கேட்டா அது எப்படி வரும்?”

வினோத்குமார் பொறுமையாகச் சிரித்தார். “ஐயா, அது உங்களுடைய தகவல். இது எங்களுடைய கதை. விருந்தினர்கள் தகவலைச் சாப்பிட வருவதில்லை.”

கதை முடிந்ததும் இரண்டு தட்டுகள் வந்தன. தட்டு முறம் அகலம். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று, அதைச் சுற்றி நுரை. சூசைமுத்து தன் நகத்துண்டையும் மனைவியின் தட்டில் தள்ளினான். அவள் இரண்டையும் விழுங்கினாள். நுரை உதட்டிலேயே காணாமல் போய்விட்டது.

அப்போதுதான் அவன் கவனித்தான். எலும்பைத் தொடும் அந்தக் குளிரில், யாகப்பம்மாளின் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை.

“என்ன புள்ள?”

“ஒரு மாதிரி வருது. படபடன்னு இருக்கு.”

நிழல் கல்லைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது என்று சூசைமுத்துவின் மனம் கணக்குச் சொன்னது. அவன் கையைத் தூக்கினான். வினோத்குமார் வந்தார். நான்காவது பதார்த்தத்தோடுதான் வந்தார். முள்ளங்கியைக் கண்ணாடிபோலச் சீவி, கொழுக்கட்டை மாதிரி மடித்து, உள்ளே சூப்பை ஊற்றிய உருண்டை, ஆளுக்கு ஒன்று.

“இதில் பதினெட்டு மடிப்புகள். விருந்தினர் அவற்றை எண்ணி முடித்த பிறகே வாயில் வைக்க வேண்டும். எண்ணாமல் சாப்பிட்டால் மாஸ்டரின் கைகள் வருத்தப்படும்.”

“எண்ணியாச்சு. பதினெட்டு இருக்கு” என்றான் சூசைமுத்து. “தம்பி, இவளுக்குச் சுகர் எறங்குது. ஒரு கரண்டி சீனி குடுங்க. இல்ல, சோறு இருந்தா ஒரு வாய்.”

யாகப்பம்மாள் இரண்டு குச்சிகளால் உருண்டையைத் தூக்கப் பார்த்தாள். கை வெடவெடவென்று ஆடியது. உருண்டை நழுவி மேசை விரிப்பில் விழுந்து உடைந்தது. சூப் ஓடிப்போய்த் தவளையின் காலடியில் தேங்கியது.

வினோத்குமார் தலை குனிந்து சில நொடிகள் அதற்கு அஞ்சலி செலுத்தினார்.

“அம்மாவின் கை நடுங்குவதைக் கவனித்தேன்” என்றார் நிமிர்ந்து. “பலருக்கு இந்தக் கட்டத்தில் அப்படி ஆகிறது. மாஸ்டரின் கலை உடலைத் தொடும்போது உடல் பதில் சொல்லும்.”

“கலையில்ல தம்பி, லோ சுகர்! சீனி குடுங்கய்யா.”

“ஐயா, குரலைத் தாழ்த்துங்கள். உங்கள் மகள் நிரப்பிய படிவத்தில் அம்மாவுக்குச் சுகர் என்று இருக்கிறது. அதைப் படித்த அன்றே எங்கள் நலக்குழு கூடியது. அம்மாவின் பதினொரு பதார்த்தங்களிலிருந்தும் சர்க்கரை, தேன், அரிசி, மாவு எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறோம். மற்றவர்களுக்குக் கரையின் மூச்சில் ஒரு துளி தேன் உண்டு. அம்மாவின் ஆவியில் அதைக்கூட எடுத்துவிட்டோம். தம்பதியர் ஒரே அனுபவத்தைப் பகிர வேண்டும் என்பதால் உங்களுடையதிலிருந்தும் எடுத்துவிட்டோம். இவ்வளவு அக்கறையை நீங்கள் வேறு எங்கேயும் பார்க்க முடியாது. சுகர் உள்ளவர்களுக்கு நாங்களே சர்க்கரை கொடுத்தால் அது குற்றம் ஆகாதா?”

“ஊசி போட்ருக்கா. ஊசி போட்டுச் சாப்பிடலைன்னா சுகர் ஒரேயடியா எறங்கிரும். அப்பச் சீனிதான் மருந்து. எம் மக நர்ஸு, அவதான் சொல்லிக் குடுத்தா.”

“மிகவும் நல்லது. அந்த மகளே படிவத்தில் ஒன்பதாவது பதிலைத் திருத்தி அனுப்பட்டும். நிரப்பியவர்தான் திருத்த முடியும்.”

“அவ குவைத்துல இருக்கா.”

“போன் செய்யலாமே.”

“போன நீங்கதானய்யா வாங்கி வச்சிருக்கீக!”

“ஆமாம். பெட்டகம் அனுபவம் முடிந்ததும் தானாகத் திறக்கும்.”

“எப்ப முடியும்?”

“இன்னும் ஏழு பதார்த்தங்கள்.”

“அதுக்குள்ள இவ முடிஞ்சிருவா தம்பி” என்றான் சூசைமுத்து. “ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில ஒரு கரண்டி சீனி இல்லையா?”

வினோத்குமாரின் முகம் மலர்ந்தது. “அருமையான கேள்வி. சீனி என்ற சொல்லே சீனத்திலிருந்து வந்தது என்பார்கள். அதைப் பற்றி எங்களிடம் ஒரு குறிப்பு இருக்கிறது. வாசிக்கட்டுமா?”

“ப்ளீஸ்” என்றாள் சென்னைப் பெண், உதட்டில் விரலை வைத்து. “இது மௌன நேரம்.”

சூசைமுத்து புயலில் படகை ஓட்டியவன். எஞ்சின் நின்றுபோய் இரண்டு நாள் நடுக்கடலில் கிடந்தபோதுகூட ஐஸ் பெட்டி மேல் வலையைச் சுருட்டி வைத்துப் படுத்துத் தூங்கியவன். அந்தக் கூடத்தில் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தினால் பட்டிக்காட்டான் என்பார்கள். மகள் கட்டிய விருந்து கெட்டுப்போகும். தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் விடுதி வாசலே அரை மைல், அங்கே ஆட்டோ நிற்குமா தெரியாது. அவன் மனைவியின் கையைப் பிடித்தான். ஐஸில் கிடந்த மீன்போல இருந்தது.

யாகப்பம்மாள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் அடையாளம் இல்லை.

“நீங்க யாரு வீட்டு ஆளு?” என்றாள். நாக்கு குழறியது. “எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயிருக்காரு. தள்ளி உக்காருங்க. வந்தா வைவாரு.”

முப்பது வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

வினோத்குமார் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு அவன் காதருகே குனிந்தார். “வழக்கமாக இது எட்டாவது பதார்த்தத்தில்தான் நடக்கும். சிலர் அழுவார்கள். சிலருக்குத் தாங்கள் யார் என்பதே மறந்துவிடும். அம்மா நான்கிலேயே வந்துவிட்டார். நான் இதுவரை பார்த்ததில்லை.”

சூசைமுத்து எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஏழு மேசைகளும் திரும்பின. கூடத்தின் கோடியில் ஒரு கதவு, தங்க வட்டம் வரைந்து, கைப்பிடி இல்லாமல் இருந்தது. பதார்த்தங்கள் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. அவன் அதை நோக்கி நடந்தான். வினோத்குமார் பின்னாலேயே ஓடிவந்தார்.

“ஐயா, அது சமையலறை அல்ல, சந்நிதி! மூன்று முறை வந்த விருந்தினர்கள்கூட அதைத் தாண்டியதில்லை. ஐயா, அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது!”

சூசைமுத்து தோளால் ஒரு இடி இடித்தான். கதவு திறந்துகொண்டது.

உள்ளே புளியும் மிளகாயும் கொதிக்கும் வாசனை. மூலையில் ஒரு பெரிய சட்டியில் சூடை மீன் குழம்பு, பக்கத்தில் அண்டா நிறையச் சோறு. வேலையாட்களின் மதியச் சாப்பாடு. கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கூடையில், பனியனும் கைலியுமாக, நாற்பது வயது மனிதன் ஒருவன் எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் மாரிச்செல்வம். முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பன்னிரண்டு வருஷம் பயணிகள் கப்பலில் சமையல் செய்தவன். உணவகத்தின் பதிவேட்டில் அவனுக்கு மாஸ்டர் லியன் என்று பெயர்.

“யாருய்யா நீங்க? இங்கன எப்படி வந்தீக?”

“சீனி” என்றான் சூசைமுத்து. “ஒரு கை சீனி. எம் பொண்டாட்டிக்கு லோ சுகர். ஊசி போட்டுட்டு உக்காந்திருக்கா. இவுக ஆவியக் குடுத்துக்கிட்டே இருக்காக.”

மாரிச்செல்வம் வேறு எதுவும் கேட்கவில்லை. “முழிச்சிருக்காகளா? முழுங்குவாகளா?”

“முழிச்சிருக்கா. என்னையத் தெரியலைங்கிறா.”

“எங்கய்யாவுக்கும் இந்தச் சீக்குதான். பயப்படாதீக.” அவன் எழுந்து, அலமாரித் தட்டில் இருந்த டப்பாவைத் திறந்து தன் டீயிலேயே நாலு கரண்டி சீனியைக் கொட்டி, கலக்கிக்கொண்டே நடந்தான்.

தங்க வட்டக் கதவில் வினோத்குமார் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

“மாஸ்டர், நீங்கள் மௌனத்தில் இருக்கிறீர்கள்” என்றார் பல்லைக் கடித்தபடி. பிறகு குரல் மாறியது. “ஏலே மாரி, கைலியோட வெளிய வராத. ஏழு டேபிளும் பாக்குது. எம் வேலைய முடிச்சிராதலே.”

“வெலகுடா வினோத்து” என்றான் மாரிச்செல்வம்.

ஒன்பது வருஷ மௌனம் கலைந்த அந்த ஓசை கூடத்தின் கடைசி மேசை வரை கேட்டது. சென்னைப் பெண்ணின் கையிலிருந்து குச்சிகள் விழுந்தன. “மாஸ்டர் பேசிவிட்டார்” என்று அவள் கணவன் முணுமுணுத்தார். மூன்றாவது மேசையில் ஒருவர் எழுந்து நின்று கை கூப்பினார்.

மாரிச்செல்வம் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியில் சரிந்திருந்த யாகப்பம்மாளின் தலையை ஒரு கையால் தாங்கி, டம்ளரை உதட்டில் வைத்தான். “ஆத்தா, குடிங்க. கொஞ்சம் கொஞ்சமா. கடிச்சிராதீக டம்ளர.” முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போனது. சூசைமுத்து தரையில் முட்டிபோட்டு, அவள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மாதாவின் பெயரைச் சொன்னான். ஆன்சியின் பெயரைச் சொன்னான். அவள் தொண்டை அசைகிறதா என்று மட்டும் பார்த்தான்.

ஒரு டம்ளர் முடிந்தது. உள்ளேயிருந்து இன்னொன்று வந்தது. அந்த உணவகத்தில் உண்மையாகவே மௌனம் நிலவியது அந்தப் பத்து நிமிடங்கள்தான்.

இரண்டாவது டம்ளரில் பாதி இறங்கியபோது யாகப்பம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

“இது என்னங்க டீயா பாயசமா? இம்புட்டுச் சீனியை யாரு போட்டா? எனக்குச் சுகர் இருக்குன்னு சொன்னீகளா இல்லையா?”

சூசைமுத்து மேசை விரிப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. “ஏங்க, ஏன் கீழ உக்காந்திருக்கீக? வேட்டி அழுக்காகும்” என்றாள் அவள்.

மாரிச்செல்வம் சோற்றையும் மீன் குழம்பையும் தானே கொண்டுவந்து வைத்தான். யாகப்பம்மாள் குச்சிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். சூசைமுத்துவும் சாப்பிட்டான். முதல் மூன்று வாய் அவனுக்கு இறங்கவில்லை, நாலாவது வாயிலிருந்து இறங்கியது.

பக்கத்து மேசையிலிருந்து சென்னைக்காரர் வினோத்குமாரைச் சைகையால் அழைத்தார். “அது என்ன பதார்த்தம்? எங்கள் அட்டையில் இல்லையே?”

வினோத்குமார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தில் பழைய ஒளி மெல்லத் திரும்பியது.

“அது...” என்றார். “அதற்கு இன்னும் பெயர் சூட்டவில்லை.”

“எங்களுக்கும் அதுவே வேண்டும். அந்த அம்மா சரிந்து விழும் இடத்திலிருந்து.”

கொஞ்ச நேரத்தில் ஏழு மேசைக்கும் மீன் குழம்பு போயிற்று. வேலையாட்களுக்கு அன்று மதியம் நுரையும் முள்ளங்கி உருண்டையும் மிச்சம் இருந்தன. அவர்கள் அதைச் சாப்பிட்டார்களா என்று அறிக்கையில் குறிப்பு இல்லை.

பெட்டகம் திறந்து பையும் போன்களும் கைக்கு வந்தபோது, அவற்றோடு ஒரு கருத்துப் படிவமும் வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று. ‘உங்களை உங்களிடமே திருப்பித் தந்த பதார்த்தம் எது?’

யாகப்பம்மாள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பேனாவை வாங்கி, பெரிய எழுத்தில் ‘சீனி’ என்று எழுதிக் கொடுத்தாள்.

வினோத்குமார் அதை இரண்டு முறை படித்தார். அவருக்குக் கண் கலங்கியது. “ஒரே சொல். இவ்வளவு விருந்தினர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எங்களை இப்படிப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை.”

“தம்பி” என்றாள் யாகப்பம்மாள், “அதுக்கு அர்த்தம் மேசைக்கு மேசை ஒரு கிண்ணத்துல சீனி வைங்கங்கிறது. என்னைய மாதிரி இன்னொருத்தி வருவா. அவ வீட்டுக்காரருக்குக் கதவ இடிக்கத் தெம்பு இருக்குமோ என்னவோ.”

“கண்டிப்பாக வைக்கிறோம் அம்மா. என்ன வகைக் கிண்ணம் என்பதை மட்டும் குழு முடிவு செய்யும்.”

மாரிச்செல்வம் சமையலறைப் பின்வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுவிட்டிருந்தான். கிளம்பும்போது யாகப்பம்மாளின் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தான். “வழிக்கு வச்சுக்கங்க ஆத்தா” என்றான். நாலு கரண்டி சீனி இருந்திருக்கும்.

ஆட்டோ பாம்பன் பாலத்தில் ஏறியது. காற்று இரண்டு பக்கமும் அடித்தது. யாகப்பம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கணவனின் தோளில் சாய்ந்திருந்தாள்.

“அவகிட்டச் சொல்லிராதீக” என்றாள்.

“நர்ஸுகிட்டயே மறைக்கச் சொல்றியா?”

“அவ அங்கன தனியாக் கெடக்கா. தெரிஞ்சா, தான் எழுதுனதாலதான்னு நெனச்சுத் தூங்க மாட்டா. நான் பொறவு பதமாச் சொல்லிக்கிறேன்.”

சொல்லி முடிக்கும்முன் போன் அடித்தது. ஆன்சிதான். வேலைக்கு நடுவில் கூப்பிட்டிருக்கிறாள், பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

“அப்பா! எப்படி இருந்துச்சு? அம்மாவுக்குப் பிடிச்சுச்சா?”

சூசைமுத்து மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே எச்சரித்தாள். அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“அம்மா அப்படியே மயங்கிட்டா தாயி” என்றான்.

மறுமுனையில் ஆன்சி கலகலவென்று சிரித்தாள். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரிக்கிறாள். “அம்புட்டு நல்லாருந்துச்சா? அப்ப அடுத்த வருசமும் அங்கனயே போட்டுறவா?”

யாகப்பம்மாள் தோளிலிருந்து நிமிர்ந்து போனைப் பிடுங்கினாள்.

“ஒண்ணும் போட வேணாம். அடுத்த வருசம் நீ இங்கன வா. நான் பொங்கிப் போடுறேன்.”

போனுக்குள் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ வேறு பாஷையில் கூப்பிட்டார்கள்.

“லீவு கேட்டுப் பாக்குறேம்மா” என்றாள் ஆன்சி.